நாற்பத்தொரு பூச்சு

2018 மார்ச் 6

ஒக்தாவிடம் இப்போது இரண்டே வார்த்தைகள் மிச்சம். ஒன்று "ஆமா". இன்னொன்று "தூதூ". கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. ஜனவரியில் மூளையில் ரத்தம் அடைத்தபோது மற்றதெல்லாம் போய்விட்டது, இந்த இரண்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டன.

பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் அவனுக்கு இப்போது எல்லோரும் தூதூதான். காலை மடக்கி நீட்ட வரும் பிசியோ ஆறடி ஆள், கழுத்து வரை பச்சை குத்தியவன், அவனும் தூதூ. தபால்காரர் தூதூ. பக்கத்து வீட்டு நாயும் தூதூ.

இன்று பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டாள். "இது மீனா?" ஆமா. "குடையா?" ஆமா. "கப்பலா?" ஆமா. படத்தில் இருந்தது வாழைப்பழம்.

"அவருக்கு 'இல்ல' வரணும் அத்தை," என்றாள். "'இல்ல' வந்தாத்தான் 'ஆமா'வுக்கு அர்த்தம்."

அவள் போன பிறகு நானும் கேட்டுப் பார்த்தேன். "காப்பி வேணுமா?" ஆமா. "அடி வேணுமா?" ஆமா. "உன்னச் சந்தையில வித்துடட்டுமா?" ஆமா, தூதூ. சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான், பாதி முகத்தால். அந்தப் பாதியே எனக்குப் போதும்.

மார்ச் 9

மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை.

ஜூலை 17

மழை விட்டது. மண் தோண்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

சேன்-ரெஜி குன்றில் சேசு சபைச் சாமியார்களின் பழைய தோட்டம் இடிந்து கிடக்கிறது. காப்பி, கரும்பு, கொக்கோ எல்லாம் போட்டார்களாம். ஜெபமும் அவர்களே செய்தார்கள், அடிமைகளையும் அவர்களே வாங்கினார்கள். கடலுக்கு அப்பாலிருந்து ஆண்ட ராஜா அவர்களைத் துரத்தி இருநூற்றைம்பது வருஷம் ஆகிறது. வாங்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் நாங்கள் அடிவாரத்தில் இருக்கிறோம், மாங்காய் பொறுக்க மேலே போவோம்.

தோண்டும் வேலைக்குத் தலைவி கொராலி என்ற பெண். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். இங்கே கயேன் பட்டணத்தில் பிறந்து, கடல் தாண்டித் துலூஸில் படித்தவள். வாசலில் சேற்றுப் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தாள், அதனாலேயே உட்கார வைத்தேன். வீடு வீடாகப் போய் ஊர்க்காரர்களுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கிறாளாம்.

"மேல கோயில் சுவருன்னு எல்லாரும் சொல்றீங்களே, அத்தை, அங்கதான் தோண்டப்போறோம். சுவரோட அடிப்பக்கம் முழுக்க, ஆள் ஆழத்துக்கு. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

ஒக்தாவ் இடது கையால் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிண்ணம் கவிழ்ந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "தூதூ, தூதூ, தூதூ" என்றான். கொஞ்சுகிற குரல் இல்லை. நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து கூப்பிடுகிற குரல்.

அந்தப் பெண் பயந்துபோனாள். குழம்பு சுட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். குழம்பு ஆறிப்போய் அரை மணி ஆகியிருந்தது.

ஜூலை 18

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

1976, மே மாதம். பாலம் முங்கிக் கிடந்தது, கயேன் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வலி ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. தெருக்கோடி மருத்துவச்சிதான் பார்த்தாள். குழந்தை அழவில்லை. அவள் அதைத் துணியில் சுற்றி ஒக்தாவிடம் கொடுத்தாள், நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஞானஸ்நானம் பெறாததற்குக் கல்லறையில் இடம் தரமாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நிஜமா என்று நாங்கள் யாரையும் கேட்கக்கூட இல்லை. ஒக்தாவ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனான்.

திரும்பி வந்தபோது முழங்கால் வரை சிவப்புச் சேறு. வாயைத் திறந்தான். நான் சொன்னேன்: "எங்கேன்னு எங்கிட்ட சொல்லாத. என்னிக்கும் சொல்லாத. சொன்னா நான் போய்த் தோண்டி எடுத்துடுவேன்."

சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வருஷம். அப்புறம் என் வயிறு திறக்கவேயில்லை. ஒக்தாவின் அக்கா ஒனொரீனுக்கும் மற்றவர்களுக்கும், வெள்ளம் வடிந்ததும் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டோம், அவர்களே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டோம்.

ஒக்தாவ் கொத்தனார். கல்லறைத் திருநாள் வந்தால் ஊர்க் கல்லறைகளில் பாதிக்கு அவன்தான் வெள்ளையடிப்பான். அக்டோபர் முப்பத்தொன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அரை வாளிச் சுண்ணாம்பு மிச்சம் வைத்துக்கொண்டு குன்றுப் பக்கம் போவான். ஒரு மணி நேரம் கழித்துக் காலி வாளியோடு வருவான். ஆளில்லாத ஏதோ கல்லறைக்கு அடித்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைக்கவே விரும்பினேன். நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இப்படியும் இரண்டு பேர் இருக்க முடிகிறது.

நேற்றுக் கிண்ணம் கவிழ்ந்தபோது புரிந்துவிட்டது. குன்றின்மேல், கோயில் சுவர் ஓரத்தில் எங்கேயோ வைத்திருக்கிறான். சாமியார்கள் கட்டின கோயில், இடிந்தாலும் புனித மண்தானே என்று நினைத்திருப்பான். இப்போது அங்கே ஆள் ஆழத்துக்குத் தோண்டப்போகிறார்கள். இடம் தெரிந்தவன் ஒருத்தன்தான். அவனுக்குத் தெரிந்த வார்த்தை இரண்டுதான்.

ஜூலை 19

பெண்ணா பையனா என்றுகூட அவனை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

ஒனொரீனின் வேனில் அவனைக் குன்றுக்குக் கூட்டிப்போனேன். காற்று வாங்க என்று சொல்லிவைத்தேன்.

பாதி வழியில் வேர்கள் குறுக்கே ஓடுகிற இடத்தில் சக்கர நாற்காலி மாட்டிக்கொண்டது. அவனை மரநிழலில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் மேலே ஏறினோம். ஒனொரீன் நேராகக் கோயில் சுவருக்குப் போனாள். அதில் வளைவாக ஒரு பொந்து இருக்கிறது. புனிதர் சிலை, சுரூபம், வைக்கிற மாடம் என்பார்கள். உள்ளே பழைய மெழுகுவத்திச் சொட்டு மலைபோல் கிடக்கிறது. எழுபத்துநாலு வயது முழங்காலை மடக்கி ஜெபமாலை முழுவதும் சொல்லி முடித்தாள்.

நான் சுவர் நெடுக வெள்ளைக் கல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் கறுப்பு, பாசி. ஒன்பது மாத மழைக்குப் பிறகு எந்தக் கல் வெள்ளையாக இருக்கும்? கொராலியின் ஆட்கள் ஏற்கெனவே கயிறு கட்டிக் கட்டம் போட்டுவிட்டார்கள்.

கீழே வந்து அவனைக் கேட்டேன். "அந்த மூலையா?" ஆமா. "இந்த மூலையா?" ஆமா. "பொந்துக்குக் கீழேயா?" ஆமா. கையால் காட்டேன்டா, இடது கைதான் இருக்கிறதே! முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணீர் மட்டும் வழிந்தது.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் ஒனொரீன். "முடியாதவன இந்த வெயில்ல இழுத்துட்டு வந்து என்னத்தத் தேடுற?"

"தோடு. அந்தக் காலத்துல தொலைச்ச தோடு."

"ரெண்டும் உன் காதுலதான தொங்குது!"

ஆகஸ்ட் 5

மடச்சி நான். அக்காள் நிற்கும்போது அவன் எப்படிக் காட்டுவான்? அவளிடம் சொன்ன பொய்யையும் அவன் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அவளும் அவள் வேனும் இல்லாமல் அவனை அங்கே கொண்டுபோக எனக்கு வழியும் இல்லை.

ஆகஸ்ட் 21

இன்று ஊரே கொதிக்கிறது. கோயில், கோயில் இல்லையாம்.

கொராலி சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினாள். நிஜக் கோயில் இன்னும் மேலே, சாமியார்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. எங்கள் 'கோயில் சுவர்' சமையற்கட்டு. சுரூப மாடம் ரொட்டி சுடுகிற அடுப்பின் வாய்.

"அப்ப நான் அம்பது வருஷமா யாருகிட்ட வேண்டிக்கிட்டேன்?" என்று எழுந்து நின்று கேட்டாள் ஒனொரீன்.

"ரொட்டிகிட்ட!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரிய வெள்ளிதோறும் ஊர் மொத்தமும் அடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டிருக்கிறது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

ஆகஸ்ட் 22

புனித மண்ணுன்னுதானே அங்க கொண்டுபோய் வச்சான்? அதுவும் இல்லையா? சாம்பலும் மீன்முள்ளும் கொட்டுற இடத்துலயா என் பிள்ள கிடக்குது? கடவுளே, ஒண்ணாவது சரியாக் குடுக்கக் கூடாதா எனக்கு? ஒண்ணே ஒண்ணு—

போதும். அவனுக்கு மாத்திரை நேரம்.

ஆகஸ்ட் 30

தினமும் மத்தியானம் தோண்டுகிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். வறுத்த மரவள்ளி மாவு, பொரித்த மீன். நல்ல மனசு என்று கொராலி நினைக்கிறாள். குழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று நான் பார்க்கிறேன். மேற்குப் பக்கம் எதுவும் வரவில்லை, இன்னும் கிழக்கு மூலை பாக்கி.

இன்று உடைந்த இரும்புத் தகடு ஒன்று காட்டினாள். என்னவென்று பிடிபடவில்லையாம். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மரவள்ளி மாவு வறுக்கிற தட்டு, என் வீட்டில் இருப்பதன் கொள்ளுப்பாட்டி. ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. வறுத்தவளுக்கு இடது கைப் பழக்கம் என்றேன். கொராலி வாயைப் பிளந்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் நின்றவள் நான். அந்தத் தகட்டைக் கையில் வைத்திருந்தபோது அந்த இடது கைக்காரியை எனக்குத் தெரியும் போலிருந்தது. கோயிலில் எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் நின்றிருப்பார்கள். இங்கேதான் பேசியிருப்பார்கள், சிரித்திருப்பார்கள், கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்திருப்பார்கள்.

ஒக்தாவிடம் சொன்னேன்: "அது கோயில் இல்லையாம், அடுப்படியாம்." ஆமா என்றான். அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான். ஆனாலும் யோசித்தேன். வயசில் எத்தனை ரொட்டி அடுப்பு கட்டியிருக்கிறான்! அடுப்பின் வாயைப் பார்த்தால் ஒரு கொத்தனாருக்குத் தெரியாதா? தெரிந்துதான் வைத்தானோ? கோயில் குளிரும், அடுப்படி குளிராது என்று வைத்தானோ? ஊரெல்லாம் அடுப்பைக் கும்பிட்டபோது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தானோ, திருட்டுப் பயல்!

செப்டம்பர் 12

இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

இன்று சாப்பாட்டோடு போனபோது கொராலி கிழக்கு மூலையில் குந்தியிருந்தாள். உள்ளங்கையில் நகத்தளவு ஒரு சில்லு.

"அத்தை, இங்க ஒரு விசித்திரம் பாருங்க. சின்னக் கல்லு ஒண்ணு, சுவரோட சேராம தனியா நட்டிருக்கு. மேல பெரிய கல்லு குடை மாதிரி நீட்டிட்டு இருக்கறதால மழை கழுவல. பாசியச் சுரண்டினா உள்ள சுண்ணாம்பு."

"சாமியார்கள் அடிச்சதா?"

"அவங்களது சிப்பி சுட்ட சுண்ணாம்பு, மஞ்சளடிக்கும். இது கடையில விக்கறது." லென்ஸை என் கண்ணில் வைத்தாள். "வெள்ளை, அடுத்து மெல்லிசாப் பச்சைக் கோடு. மறுபடி வெள்ளை, மறுபடி பச்சை. மழைக்காலத்துல பாசி பிடிக்குது, காஞ்சதும் யாரோ வந்து மேல அடிச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை. நாற்பத்தொரு பூச்சு, அத்தை! ரெண்டு தடவை எண்ணிட்டேன். யாரு, எதுக்கு இப்படி..."

அவள் பேசிக்கொண்டே போனாள். நான் விரல்விட்டு எண்ணினேன். எழுபத்தாறிலிருந்து போன வருஷம் வரை. நாற்பத்திரண்டு வருகிறது. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டுதான். ஒன்று குறைகிறது.

குறைந்தது எந்த வருஷம் என்று தெரிந்தது. தொண்ணூற்றிநாலு. அக்டோபரில் தம்பியை அடக்கம் செய்ய மார்த்தினிக் தீவுக்குப் போனவன் கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பினான். அதற்குள் இங்கே மழை பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டுப் பாத்திரத்தை மண்ணில் வைத்தேன். உட்கார்ந்தேன். கல்லைத் தொட்டேன். முழங்கால் உயரம்கூட இல்லை.

"அத்தை? என்னாச்சு அத்தை?"

சொன்னேன். மே மாதம், மழை, துணி, மண்வெட்டி எல்லாம். நாற்பத்திரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, சேற்றுக் கால்சட்டையோடு இருந்த ஒரு பெண்ணிடம் சொன்னேன். அழுகை பெரிதாக வரவில்லை. அவள்தான் அழுதாள். தோண்டுகிற கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் சிவப்பு மண்.

சட்டப்படி அவள் போலீசுக்குச் சொல்ல வேண்டுமாம், அண்மைக் காலத்து எலும்பைப் பார்த்தால்.

"நான் எதையும் பாக்கலையே," என்றாள். "பாத்தாத்தானே எழுதணும்."

செப்டம்பர் 13

காலையில் போனேன். அந்தக் கல்லைச் சுற்றி நாலடிக்கு நாலடி சதுரமாகக் கயிறு கட்டியிருந்தாள்.

"எங்க தோண்டினாலும் ஒரு துண்டு நிலத்தத் தொடாம விட்டுடுவோம். பின்னால வர்றவங்ககிட்ட எங்களவிட நல்ல கருவி இருக்கும், அவங்களுக்காக. அதுக்குப் பேரு சாட்சி." கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். "எந்த இடத்த விடறதுங்கறது என் இஷ்டம்."

அவள் தட்டில் இரண்டு மீன் கூடுதலாக வைத்தேன்.

செப்டம்பர் 29

குழி சுற்றி மூன்று பக்கமும் இறங்கிவிட்டது. நடுவில் அந்தச் சதுரம் மேஜைபோல் நிற்கிறது, மேலே என் கல்.

'என் கல்' என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

அக்டோபர் 24

ஒனொரீன் வந்தாள். கல்லறைக்கு இந்த வருஷம் யார் வெள்ளையடிப்பது என்று புலம்பல். ஆள் வைத்துக்கொள் என்றேன். ஒரு நாள் அவளிடமும் சொல்வேன். இன்று இல்லை.

அக்டோபர் 31

சுண்ணாம்பு நானே கரைத்தேன். ஒக்தாவ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கூடிவிட்டது போல, மூக்கால் ஒரு சத்தம் போட்டான். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டேன். சத்தம் நின்றது.

வேர்கள் இருக்கிற இடத்துக்கு மேலே நாற்காலி ஏறாது. கொராலி மண் அள்ளுகிற தள்ளுவண்டியைக் கழுவி, உள்ளே தலையணை போட்டு வைத்திருந்தாள்.

"ஏறு மகாராசா," என்றேன். "நாப்பது வருஷம் நீ தள்ளினே. இன்னிக்கி இவ உன்னத் தள்ளட்டும்."

"ஆமா," என்றான். இந்த ஆமா நிஜமானதுதான் என்று நினைக்கிறேன். பலகைப் பாதையில் கொராலி அவனைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். ராஜா பவனி வருகிற மாதிரி இடது கையால் மரங்களுக்கெல்லாம் சலாம் வைத்துக்கொண்டே வந்தான். மேலே கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, கருவிகளை எண்ண வேண்டும் என்று அவள் போய்விட்டாள். நல்ல பெண்.

அவன் கல்லைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அங்கே நிற்பதை நம்ப முடியாதவன் மாதிரி.

"கண்டுபிடிச்சுட்டேன்டா," என்றேன். "நீ சொல்லல. வாக்கு தவறல. நானா கண்டுபிடிச்சேன்."

அப்படி அழுதான். அவனை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். 'சொல்லாதே' என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை இவன் ஒற்றை ஆளாக வருஷா வருஷம் இந்தக் குன்றில் சுமந்திருக்கிறான். மன்னித்துக்கொள் என்று கேட்டேன். ஆமா, தூதூ என்றான்.

பிறகு வெள்ளையடித்தேன். எனக்குக் கை சரியாக வரவில்லை. வலப்பக்கம் கீழே விட்டுவிட்டேன் போல, விரலை நீட்டி நீட்டிக் காட்டினான். அடித்தேன். மறுபடி காட்டினான். இவனிடம் வேலை பார்த்தவர்கள் பாவம்.

நாற்பத்திரண்டாவது பூச்சு.

பொழுது சாய்கிற நேரம் மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன். அவன் இடது கையால் என் விரலைப் பிடித்து, அசையாத வலது கையின் விரல் நுனியில் வைத்து, அங்கிருந்து முழங்கை வரை நகர்த்தினான். கொத்தனார் அளவு காட்டுகிற மாதிரி. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இவ்வளவு நீளம்.

அந்த அளவை அப்படியே என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன்.

கேட்டே விட்டேன். கேட்டு என்ன பயன், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"பொண்ணா?"

"ஆமா."

அதுதானே என்று சிரித்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சும்மா மாற்றிக் கேட்டேன்.

"பையனா?"

அவன் கல்லைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"இல்ல," என்றான்.

நவம்பர் 6

பேச்சுப் பயிற்சிப் பெண் வந்தாள். 'இல்ல' வந்துவிட்டது என்று சொன்னேன். படத்தைக் காட்டிப் பார்த்தாள். குடையா? ஆமா. கப்பலா? ஆமா. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நிஜமாச் சொன்னாரா அத்தை? எப்ப? என்ன பேசிட்டு இருந்தீங்க?"

"எங்க மகளைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்," என்றேன்.